ஆல்பிரட் ஷ்ரப்

ஆல்பிரட் ஷ்ரப் (டிசம்பர் 12, 1879 – ஏப்ரல் 23, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற நெடுந்தொலைவு ஓட்ட வீரர் ஆவார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கிராஸ் கண்ட்ரி எனப்படும் திறந்தவெளி ஓட்டத்திலும், 2 மைல் முதல் 11 மைல் வரையிலான தடகள ஓட்டங்களிலும் இவருக்கு நிகரான வீரர் எவரும் இருக்கவில்லை. உருவில் சிறியவராக இருந்தமையால் சிறிய அதிசயம் என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டார். 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற முதல் இரண்டு பன்னாட்டுத் திறந்தவெளி ஓட்டப் போட்டிகளிலும் இவரே வெற்றி பெற்றார். ஓடுவதற்காகப் பணம் பெற்றார் என்னும் காரணத்தால் 1905இல் அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். இதன் விளைவாக, தம் காலத்தின் தலைசிறந்த ஓட்ட வீரராக இருந்தும் ஒலிம்பிக் போட்டிகளில் ஒருமுறை கூட இவரால் பங்கேற்க இயலவில்லை.

பிறப்பும் இளமையும்

ஷ்ரப் தென் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், ஹார்ஷம் நகருக்கு அருகிலுள்ள சிலின்ஃபோல்டு என்னும் சிற்றூரில் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் கட்டுமானப் பணிகளில் கூலியாளாக வேலை செய்தார். நடந்தே வேலைக்குச் செல்வதும், வயல்களுக்கு ஊடாகக் குறுக்கு வழியில் ஓடுவதும் அக்காலத்து நாட்டுப்புற இளைஞர்களின் அன்றாட வழக்கமாக இருந்தன. ஹார்ஷம் சுற்றுவட்டாரம் களிமண் நிலம் ஆகும். குளிர்கால மழையில் இம்மண் காலைப் பற்றி இழுக்கும் சேறாக மாறிவிடும். பிற்காலத்தில் ஷ்ரப் வெற்றி பெற்ற போட்டிகள் பலவும் இத்தகைய நிலத்தில்தான் நடைபெற்றன.

இவருடைய ஓட்டத்திறன் வெளிப்பட்ட விதம் பற்றி ஒரு நிகழ்ச்சி பரவலாகக் கூறப்படுகிறது. ஓர் இரவு ஹார்ஷமிலிருந்து சுமார் 3 மைல் தொலைவிலுள்ள சவுத்வாட்டர் என்னும் ஊரில் தீப்பற்றியது. குதிரைகள் பூட்டிய தீயணைப்பு வண்டி மணியொலியுடன் விரைந்து சென்றது. வேலை உடையும் கனத்த காலணிகளும் அணிந்திருந்த ஷ்ரப் அவ்வண்டியுடன் சேர்ந்து ஓடி, தீப்பிடித்த இடம் வரை சென்றார். இதனை அறிந்த உள்ளூர் ஓட்டக் கழகத்தினர் அவரைத் தம் கழகத்தில் சேர்த்துக்கொண்டனர். ஹார்ஷம் புளூ ஸ்டார் ஹாரியர்ஸ் என்பது அக்கழகத்தின் பெயர். 1899 முதல் ஷ்ரப் முறையான போட்டிகளில் ஓடத் தொடங்கினார். பின்னர் தென் இலண்டன் ஹாரியர்ஸ் கழகத்திற்காகவும் ஓடினார்.

ஓட்டக் கழகங்களும் திறந்தவெளி ஓட்டமும்

ஷ்ரப்பின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவர் சேர்ந்த கழகங்களின் இயல்பை அறிவது இன்றியமையாதது. ஹாரியர் என்பது முயல் வேட்டைக்குப் பயன்படும் நாயினத்தைக் குறிக்கும் சொல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் முயலும் நாய்களும் என்னும் விளையாட்டு வழக்கத்தில் இருந்தது. முயல்களாக நடிக்கும் இருவர் காகிதத் துண்டுகள் நிறைந்த பைகளுடன் முன்னால் ஓடி, அத்துண்டுகளைத் தூவிச் செல்வர். மற்றவர்கள் வேட்டை நாய்களைப் போல அத்தடத்தைப் பின்பற்றி வயல், வேலி, ஓடை எனப் பாராமல் துரத்திச் செல்வர். ரக்பி பள்ளியில் இத்தகைய நெடுந்தொலைவு ஓட்டம் ஒன்று 1830களிலேயே தொடங்கிவிட்டது.

இவ்விளையாட்டே பெரியவர்களின் போட்டியாக வளர்ந்தது. கோடைக்காலத்தில் படகு வலிப்பதில் ஈடுபட்டிருந்தோர் சிலர் குளிர்காலத்தில் உடல்வலிமையைப் பேணும் பொருட்டு 1868இல் இலண்டனுக்கு அருகில் தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ் கழகத்தை நிறுவினர். இது உலகின் முதல் திறந்தவெளி ஓட்டக் கழகமாகக் கருதப்படுகிறது. தென் இலண்டன் ஹாரியர்ஸ் 1871இல் தோன்றியது. தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை கிடைக்கத் தொடங்கியபின் இத்தகைய கழகங்கள் நாடெங்கும் பரவின. தொழிற்சாலைப் பணியாளர்கள், எழுத்தர்கள், கடைப் பணியாளர்கள் எனப் பலதரப்பட்டோரும் இவற்றில் சேர்ந்தனர். ஓடுவதற்குத் தனி அரங்கமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவைப்படாததும் இதற்கு ஒரு காரணம் ஆகும்.

கழகங்களுள் பல ஊர்ப்புறத்து மதுவிடுதி ஒன்றையே கூடுமிடமாகக் கொண்டிருந்தன. உறுப்பினர்கள் அங்கு உடை மாற்றிக்கொண்டு, வேகத்திற்கேற்பக் குழுக்களாகப் பிரிந்து ஓடுவர். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒருவரும், பின்தங்குவோரை விட்டுவிடாமல் அழைத்துவரும் பொறுப்புடைய ஒருவரும் இருப்பர். ஓட்டம் முடிந்தபின் வெந்நீர்த் தொட்டிகளில் சேற்றைக் கழுவிக்கொண்டு, தேநீருடன் அமர்ந்து உரையாடுவது வழக்கம். போட்டி நாள் அல்லாத சனிக்கிழமைகளில் வெற்றி தோல்வியைவிட இந்தத் தோழமையே முதன்மையாக இருந்தது.

திறந்தவெளி ஓட்டப் போட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்தில் நடைபெற்றன. அறுவடை முடிந்த வயல்களில் பயிர்ச்சேதம் இன்றி ஓடலாம் என்பதும், கோடைக்காலம் தடகளப் போட்டிகளுக்கு உரியதாக இருந்ததும் இதற்குக் காரணங்கள். உழுத நிலம், நனைந்த புல்வெளி, முள்வேலி, மரக்கதவு, பள்ளம், ஓடை ஆகிய அனைத்தும் ஓட்டப்பாதையில் இடம்பெற்றன. ஒவ்வொரு பாதையும் வெவ்வேறு தன்மையுடையது என்பதாலும், மழையைப் பொறுத்து ஒரே பாதையும் ஆண்டுக்காண்டு மாறுபடும் என்பதாலும், இவ்வோட்டத்தில் நேரக் கணக்கிற்குப் பெரிய மதிப்பில்லை. யார் எந்த இடத்தில் வந்தார் என்பதே கணக்கில் கொள்ளப்படும்.

அணிப் போட்டியின் கணக்கு

திறந்தவெளி ஓட்டம் தனிநபர் போட்டியாகவும் அணிப் போட்டியாகவும் ஒரே நேரத்தில் நடைபெறும். ஷ்ரப் காலத்து முதன்மைப் போட்டிகளில் ஒவ்வோர் அணியிலும் முதலில் வந்த ஆறு பேருடைய இடங்களின் எண்கள் கூட்டப்பட்டன. குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணியே வெற்றி பெறும். எடுத்துக்காட்டாக, ஓர் அணியினர் 1, 4, 6, 9, 15, 20 ஆகிய இடங்களில் வந்தால் அவ்வணியின் கூட்டுத்தொகை 55 ஆகும். முதலிடம் பெற்றவர் எவ்வளவு தொலைவு முந்தி வந்தாலும் அவரால் தம் அணிக்கு ஒரு புள்ளி என்பதற்குக் கீழ் தர இயலாது. மாறாக, ஆறாவதாக வருபவர் இறுதி நூறு கெஜத்தில் ஐந்து பேரை முந்தினால் அணிக்கு ஐந்து புள்ளிகள் குறையும். எனவே சேற்றில் தள்ளாடி வரும் கடைசி வீரரின் ஓட்டமும் முதல் வீரரின் ஓட்டத்தைப் போலவே அணிக்கு முக்கியமானது.

தேசியப் போட்டிகள்

இங்கிலாந்தின் தேசியத் திறந்தவெளி ஓட்டப் போட்டியை நடத்தும் முதல் முயற்சி 1876இல் எப்பிங் காட்டில் மேற்கொள்ளப்பட்டது. அதில் கலந்துகொண்ட 32 வீரர்களும் வழி தவறிவிட்டதால் போட்டி செல்லாது என அறிவிக்கப்பட்டது. 1877இல் நடைபெற்ற போட்டியே முதல் தேசியப் போட்டியாகக் கணக்கிடப்படுகிறது. தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ் கழகத்தின் பெர்சி ஸ்டென்னிங் அவ்வாண்டு முதல் 1880 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார்.

ஷ்ரப் 1901, 1902, 1903, 1904 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தேசியப் போட்டியில் வென்று ஸ்டென்னிங்கின் சாதனையைச் சமன் செய்தார். ஸ்டென்னிங் காலத்தில் இப்போட்டி இலண்டனைச் சுற்றியிருந்த ஒரு சில கழகங்களுக்கு இடையிலானதாக இருந்தது. ஷ்ரப் காலத்தில் அது நாடு தழுவிய பெரும் போட்டியாக வளர்ந்துவிட்டிருந்தது.

பன்னாட்டுப் போட்டிகள்

1903ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் முதலாவது பன்னாட்டுத் திறந்தவெளி ஓட்டப் போட்டி நடைபெற்றது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகள் பங்கேற்றன. ஓட்டத் தொலைவு ஏறத்தாழ 8 மைல் (சுமார் 12.9 கிலோமீட்டர்). ஷ்ரப் தனிநபர் பிரிவில் முதலிடம் பெற்றார். இங்கிலாந்து அணிப் பட்டத்தை வென்றது. 1904இல் இங்கிலாந்தின் ஹேடாக் பார்க் திடலில் நடைபெற்ற இரண்டாவது போட்டியிலும் இதே முடிவு கிடைத்தது.

1907இல் பிரான்சு இப்போட்டியில் சேர்ந்தது. பிரான்சின் ஜான் புவான் 1911 முதல் 1913 வரை தொடர்ந்து மூன்று முறை வென்று, ஷ்ரப்பின் வழித்தோன்றலாகக் கருதத்தக்க நிலையை அடைந்தார். இங்கிலாந்து அணியின் தொடர் வெற்றி 1922இல் பிரான்சு வென்றபோதுதான் முடிவுக்கு வந்தது. இப்போட்டி 1972 வரை நடைபெற்றது. 1973 முதல் உலகத் திறந்தவெளி ஓட்டப் போட்டி இதன் இடத்தைப் பெற்றது.

தடகளச் சாதனைகள்

குளிர்காலத்தில் சேற்றில் ஓடிப் பெற்ற வலிமையை ஷ்ரப் கோடைக்காலத்தில் தடகள அரங்குகளில் வெளிப்படுத்தினார். இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளச் சங்கம் நடத்திய போட்டிகளில் 4 மைல், 10 மைல் ஆகிய இரு ஓட்டங்களிலும் 1901 முதல் 1904 வரை தொடர்ந்து வென்றார். தம் வலிமைக்குக் குறுகிய தொலைவான 1 மைல் ஓட்டத்திலும் 1903, 1904 ஆண்டுகளில் பட்டம் பெற்றார்.

1904 இவருடைய வாழ்க்கையின் உச்சமான ஆண்டாகும். அவ்வாண்டு மே மாதத்தில் 5 மைல் தொலைவை 24 நிமிடம் 33.4 நொடிகளில் ஓடினார். ஜூன் 11 அன்று கிளாஸ்கோவில் 2 மைல் தொலைவை 9 நிமிடம் 9.6 நொடிகளில் கடந்தார். நவம்பர் 5 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் பார்க் அரங்கில் நடைபெற்ற ஒரு மணிநேர ஓட்டத்தில் 11 மைல் 1137 கெஜம் (18.742 கிலோமீட்டர்) தொலைவு ஓடினார். அந்த ஒரே ஓட்டத்தில் 6 மைல் முதல் 11 மைல் வரையிலான அமெச்சூர் சாதனைகள் அனைத்தையும் முறியடித்தார். 8 மைலுக்கு மேற்பட்ட தொலைவுகளில் தொழில்முறை வீரர்களின் சாதனைகளும் வீழ்ந்தன.

பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு 1912இல்தான் தோன்றியது என்பதால், இவை அக்காலத்தில் உலகச் சாதனைகளாக முறைப்படி ஏற்கப்படவில்லை. எனினும் அவற்றின் தரத்தை அவை நிலைத்திருந்த காலமே காட்டுகிறது. ஒரு மணிநேர ஓட்டச் சாதனையை ஜான் புவான் 1913இல் 19.021 கிலோமீட்டர் ஓடி முறியடித்தார். 2 மைல் ஓட்ட நேரம் திறந்தவெளி அரங்கில் 22 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 10 மைல் தொலைவில் இவர் எடுத்துக்கொண்ட 50 நிமிடம் 40.6 நொடி நேரத்தை 1928இல் பின்லாந்தின் பாவோ நூர்மி முறியடித்தார்.

அமெச்சூர் விதியும் தடையும்

அக்காலத்தில் விளையாட்டு வீரர்கள் அமெச்சூர், தொழில்முறையாளர் என இரு பிரிவினராகக் கருதப்பட்டனர். விளையாட்டின் மூலம் பணம் ஈட்டாதவரே அமெச்சூர் ஆவார். இவ்வேறுபாட்டின் தொடக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. 1866இல் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகத்தின் விதிகள் கைவினைஞர்களையும் கூலியாளர்களையும் அவர்களின் தொழிலைக் காரணம் காட்டியே விலக்கி வைத்தன. 1880இல் அமெச்சூர் தடகளச் சங்கம் நிறுவப்பட்டபோது இவ்விலக்கு நீக்கப்பட்டது. அதனால்தான் ஷ்ரப் போன்ற கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தேசியப் பட்டங்களை வெல்ல முடிந்தது. ஆனால் பணம் பெறக்கூடாது என்னும் விதி தொடர்ந்தது.

செல்வர்களுக்கு இவ்விதி சுமையாக இருக்கவில்லை. உழைத்துப் பிழைப்பவர்களின் நிலை வேறு. ஒரு நாள் போட்டிக்காக வெளியூர் சென்றால் அந்நாளின் கூலி இல்லை. ஷ்ரப்பைக் காண்பதற்காகவே மக்கள் கட்டணம் செலுத்தி அரங்கிற்கு வந்தனர். அக்கட்டணம் போட்டி அமைப்பாளர்களைச் சேர்ந்தது. ஓடியவருக்குக் கோப்பைகளும் பரிசுப் பொருட்களுமே உரியவை. பயணச் செலவு என்னும் பெயரில் புகழ்பெற்ற வீரர்களுக்குப் பணம் அளிக்கப்படுவது பலரும் அறிந்த வழக்கமாக இருந்தது.

1905இல் ஷ்ரப், அமெரிக்க விரைவோட்ட வீரர் ஆர்தர் டஃபியுடன் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுற்றுப்பயணம் செய்து போட்டிகளில் கலந்துகொண்டார். அதே ஆண்டில் ஷ்ரப் பணம் பெற்றதாக அமெச்சூர் தடகளச் சங்கம் முடிவு செய்து அவரைத் தடை செய்தது. டஃபியும் அமெரிக்காவில் அவ்வாறே விலக்கப்பட்டார். அவருடைய சாதனைகள் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டன. தடை விதிக்கப்பட்டபோது ஷ்ரப்பின் வயது 25 மட்டுமே.

இத்தடையின் இழப்பை ஒலிம்பிக் போட்டிகள் காட்டுகின்றன. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கிற்குப் பிரிட்டன் அதிகாரப்பூர்வமான அணியை அனுப்பவில்லை. 1908இல் ஒலிம்பிக் இலண்டனிலேயே நடைபெற்றது. அதில் 5 மைல் ஓட்டத்தில் பிரிட்டனின் எமில் வாய்ட் 25 நிமிடம் 11.2 நொடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். இது ஷ்ரப் நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட 37 நொடிகளுக்கு மேல் கூடுதலாகும். திறந்தவெளி ஓட்டம் ஒலிம்பிக்கில் 1912, 1920, 1924 ஆகிய மூன்று முறை மட்டுமே இடம்பெற்றது. 1924இல் பாரிசின் கோடை வெப்பத்தில் 38 பேர் ஓடத் தொடங்கி 15 பேர் மட்டுமே முடித்தனர். அதன்பின் அப்போட்டி கைவிடப்பட்டது. குளிர்காலத்திற்குரிய ஓட்டத்தைக் கோடையில் நடத்தியதே இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

தொழில்முறை ஓட்டம்

தடைக்குப் பின் ஷ்ரப் வெளிப்படையாகவே தொழில்முறை வீரராக மாறி, வட அமெரிக்காவில் பெரும்பாலான போட்டிகளில் ஓடினார். 15 மைல் வரையிலான தொலைவுகளில் அவரை வெல்லத் தனி வீரர் எவரும் இல்லை என்னும் நிலை இருந்தது. ஆகவே போட்டியைச் சுவையாக்குவதற்காக ஒருவர் மாற்றி ஒருவராக ஓடும் அணிகளுக்கு எதிராக அவர் தனியாக ஓடினார். குதிரைகளுக்கு எதிராகவும் ஓடினார். தொழிலாளர் ஓட்டத்திலிருந்து உருவான ஒரு வீரர் வேடிக்கைக் காட்சிகளில் ஓட நேர்ந்தது, பிழைப்புக்கு வேறு அரங்கு இல்லாத நிலையையும் காட்டுகிறது.

1908 இலண்டன் ஒலிம்பிக்கிற்குப் பின் அமெரிக்காவில் மாரத்தான் ஓட்டத்தின்மீது பெரும் ஆர்வம் எழுந்தது. 1909 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவர் கார்டன் உள்ளரங்கில் ஷ்ரப்பும் கனடாவின் டாம் லாங்போட்டும் மாரத்தான் தொலைவில் மோதினர். லாங்போட் கனடாவின் ஒனண்டாகா பழங்குடியைச் சேர்ந்த புகழ்பெற்ற வீரர். ஷ்ரப் தொடக்கத்திலிருந்தே விரைந்து ஓடிப் பல சுற்றுகள் முன்னிலை பெற்றார். ஆனால் இறுதி மைல்களில் அவருடைய கால்கள் தளர்ந்தன. சீரான வேகத்தில் ஓடிவந்த லாங்போட் சுற்றுச்சுற்றாக இடைவெளியைக் குறைத்தார். முடிவுக்கு இரண்டு மைல் அளவே இருந்த நிலையில் ஷ்ரப் ஓட்டத்தைக் கைவிட்டார்.

இவ்விருவரும் மொத்தம் பத்து முறை போட்டியிட்டனர். 20 மைலுக்குக் குறைந்த ஓட்டங்களில் ஷ்ரப்பும், அதற்கு மேற்பட்ட ஓட்டங்களில் லாங்போட்டும் வென்றனர். மாரத்தான் தொலைவு ஷ்ரப்புக்கு இறுதிவரை வசப்படவில்லை.

பயிற்சி முறை

கடும் பயிற்சி உடலைத் தேய்த்துவிடும் என்று பலரும் நம்பிய காலத்தில் ஷ்ரப் முறையான பயிற்சியை மேற்கொண்டார். நீண்ட நடை, மிதமான வேகத்தில் நெடுந்தொலைவு ஓட்டம், குறுகிய தொலைவில் விரைவான ஓட்டம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்தார். சில நாட்களில் காலையிலும் பிற்பகலிலுமாக இருமுறை ஓடினார். போட்டியில் ஒரே வேகத்தில் ஓடாமல், இடையிடையே திடீரென வேகத்தைக் கூட்டிப் பின்வருபவரைத் தளரச் செய்வது இவருடைய உத்தி. மேடு, பள்ளம், சேறு என நிலம் மாறிக்கொண்டே இருக்கும் திறந்தவெளி ஓட்டத்திற்கு இவ்வுத்தி மிகவும் பொருத்தமானது. தம் அனுபவங்களைத் தொகுத்து, ஓட்டப் பயிற்சி பற்றிய சிறு நூல் ஒன்றை 1908இல் வெளியிட்டார்.

பயிற்றுநர் பணியும் இறுதிக் காலமும்

ஷ்ரப் 1908இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் திறந்தவெளி ஓட்டப் பயிற்றுநராகச் சிறிது காலம் பணியாற்றினார். முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். அமெச்சூர் இயக்கத்தின் உறைவிடமாகக் கருதப்பட்ட ஆக்ஸ்போர்டு, அவ்வியக்கம் விலக்கிய ஒருவரையே ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்டது.

1928இல் குடும்பத்துடன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள பௌமன்வில் நகரில் குடியேறினார். அங்கு வாற்கோதுமை உணவு தயாரிக்கும் ஆலை ஒன்றின் தொழிலில் ஈடுபட்டார். 1964 ஏப்ரல் 23 அன்று பௌமன்விலில் தம் 84ஆவது வயதில் காலமானார்.

மரபு

ஷ்ரப் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 போட்டிகளில் ஓடி, அவற்றுள் 1,000க்கும் மேற்பட்டவற்றில் வென்றதாகக் கணக்கிடப்படுகிறது. பௌமன்வில் நகரில் இவர் நினைவாக 8 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டு வந்துள்ளது.

இவரை விலக்கிய விதி மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1980களில் தடகள வீரர்கள் பணம் பெறுவது படிப்படியாக ஏற்கப்பட்டது. 2001இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு தன் பெயரிலிருந்தே அமெச்சூர் என்னும் சொல்லை நீக்கியது. ஷ்ரப் தடை செய்யப்பட்டு அப்போது 96 ஆண்டுகள் கடந்திருந்தன. இவர் ஓடிய தென் இலண்டன் ஹாரியர்ஸ் கழகமும், இவர் நான்கு முறை வென்ற தேசியப் போட்டியும் 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்கின்றன. அப்போட்டி இன்றும் குளிர்காலத்தின் இறுதியில், பெரும்பாலும் சேறு நிறைந்த நிலத்திலேயே நடைபெறுகிறது.

முக்கிய வெற்றிகள்

பன்னாட்டுத் திறந்தவெளி ஓட்டப் போட்டி: 1903, 1904
இங்கிலாந்து தேசியத் திறந்தவெளி ஓட்டப் போட்டி: 1901, 1902, 1903, 1904
அமெச்சூர் தடகளச் சங்கம், 1 மைல்: 1903, 1904
அமெச்சூர் தடகளச் சங்கம், 4 மைல்: 1901, 1902, 1903, 1904
அமெச்சூர் தடகளச் சங்கம், 10 மைல்: 1901, 1902, 1903, 1904
ஒரு மணிநேர ஓட்டம்: 18.742 கிலோமீட்டர் (கிளாஸ்கோ, நவம்பர் 5, 1904)